ஹார்டு டிஸ்க் கையை விரிக்கும் முன்: அறிகுறி பார்த்துத் தகவலை மீட்கும் வழிமுறை

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் பழுதாகி வரும் ஹார்டு டிஸ்க்குகளில் இருப்பவை பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க முடியாதவை. கல்யாண வீடியோ, ஸ்கேன் செய்து வைத்த தாய்ப்பத்திரம், சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய பேரப்பிள்ளை படங்கள், போய்ச் சேர்ந்துவிட்ட பெரியவர் பேசிய நாலு வார்த்தை. டிஸ்க்கின் விலை சில ஆயிரம்தான், அது போனால் போகட்டும். உள்ளே இருப்பதுதான் வேண்டும். ஆகவே கெட்டுப்போன டிஸ்க்கை மறுபடி ஓடவைப்பது பற்றி இங்கே எதுவும் இல்லை. அது முழுதாக நிற்பதற்குள் உள்ளே இருப்பதை எப்படி வெளியே எடுப்பது என்பது மட்டுமே.

இது தட்டு சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க்குகளுக்கானது. எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாம் கெட்டுப்போகும் விதமே வேறு.

எதற்கும் முன்னால்

சந்தேகம் வந்ததும் பவரை எடுத்துவிடுங்கள். உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றுகின்றன. படிக்கும் ஹெட் தட்டைத் தொடாது. சில நானோமீட்டர் உயரத்தில், தட்டின் வேகத்தால் எழும் காற்றின் மேல் மிதந்துகொண்டே படிக்கும். அந்த ஹெட் அடிபட்டு வளைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தட்டை உரசும். உரசிய இடத்தில் இருந்த காந்தப் பூச்சு தூளாகிப் போகும். அங்கே இருந்த படத்தை, தகவல் மீட்கும் எந்த லேபும், எவ்வளவு பணம் கொடுத்தாலும், திருப்பித் தர முடியாது. ஹெட் கெட்டால் மாற்றலாம், அடியில் உள்ள சர்க்யூட் போர்டு கெட்டால் மாற்றலாம். தட்டு கெட்டால் அதற்கு மாற்று இல்லை.

எனவே பழுதான டிஸ்க்குக்கு ஒவ்வொரு முறை பவர் கொடுப்பதும் ஒரு செலவு. எதற்காகக் கொடுக்கிறோம் என்று முடிவு செய்துகொண்டு கொடுக்க வேண்டும்.

அப்புறம், செய்யக் கூடாதவை. விண்டோஸ் "ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். அது கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்துவதற்காக டிஸ்க்கில் எழுதும். படிக்க முடியாத இடத்தில் இருந்த ஃபோல்டர்களின் பதிவைத் தூக்கிவிடும். பேட் செக்டரை, அதாவது தட்டில் தகவல் எழுதும் சின்னப் பகுதிகளில் கெட்டதை, ரிப்பேர் செய்கிறேன் என்று வரும் மென்பொருள்களும் அப்படித்தான். பலவீனமான டிஸ்க்கை மணிக்கணக்கில் வேலை வாங்கி, மிச்சமிருக்கும் ஆயுளைக் குடித்துவிடும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று சொல்லும் வீடியோக்களையும் நம்ப வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, ஃப்ரீசரிலிருந்து எடுத்த இரும்பு எப்படி வியர்க்கும் என்று பார்த்திருப்பீர்கள். அதே ஈரம் தட்டின் மேலும் படியும்.

பவரை எடுத்த பிறகு உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். இதில் இருப்பதில் எது வேறு எங்கும் இல்லை? கல்யாண வீடியோ பெண் வீட்டில் பென் டிரைவில் இருக்கலாம். ஆல்பம் அச்சடித்த இடத்தில் படங்கள் இருக்கலாம். எடுத்த மெமரி கார்டை ஸ்டூடியோக்காரர் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கலாம். பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். இப்படிக் கழித்துப் பார்த்து மிஞ்சுவதுதான் நீங்கள் மீட்க வேண்டியது. எவ்வளவு துணியலாம், எப்போது லேபுக்குப் போக வேண்டும் என்பதை அந்த மிச்சத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

அறிகுறி: வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது

எல்லா அறிகுறிகளிலும் நம்பிக்கை தருவது இதுதான். டிஸ்க் நன்றாகவே இருந்து, கேபிளோ சாக்கெட்டோ கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் பக்கம் இருக்கும் அந்த அகலமான, நடுவில் பள்ளம் விழுந்த சின்ன சாக்கெட்டைப் பாருங்கள். கேபிளைச் செருகி லேசாக ஆட்டினால் விளக்கு அணைந்து எரிகிறதா? அப்படியானால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். நீளமான கேபிள், ஹப், டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட் மூன்றும் வேண்டாம். குட்டைக் கேபிளைப் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள். சின்ன வகை டிஸ்க்குகளுக்கு வேண்டிய கரண்ட் முழுவதும் யுஎஸ்பி வழியாகவே வருகிறது. பழைய யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 900. சுழலத் தொடங்கும்போது டிஸ்க் கேட்பது அதிகம். அது கிடைக்காவிட்டால் நல்ல டிஸ்க்கே டக்கென்று நின்று நின்று சுற்றும், ஹெட் போன டிஸ்க்கைப் போலவே சத்தமும் போடும்.

பெரிய டிஸ்க் என்றால் அதற்குத் தனி அடாப்டர், பெரும்பாலும் 12 வோல்ட். லோ வோல்டேஜில் அடிபட்ட அடாப்டர் விளக்கை மட்டும் எரிய வைக்கும், டிஸ்க்கைச் சுழற்றாது. அதே 12 வோல்ட், அதே ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரில் பாருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் வருவதும் போவதுமாக இருந்தால், பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை நேராக டெஸ்க்டாப்பின் சாட்டா கேபிளில் (பெட்டிக்குள் டிஸ்க்கை இணைக்கும் கேபிள்) மாட்டலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. டபிள்யூடி மை பாஸ்போர்ட் வகையில் பல மாடல்களில் உள்ளே சாட்டா முனையே கிடையாது. யுஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். போதாக்குறைக்கு, நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் தகவல் குறியாக்கம் ஆகியிருக்கலாம். அந்தப் போர்டைக் கழற்றி எறிந்தால் சாவியையும் சேர்த்து எறிந்தது போல. சாக்கெட் மட்டும் ஆடுகிறது என்றால், செல்போன் போர்டு வேலை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அதை மட்டும் மறுபடி பற்றவைக்கச் சொல்வதே சரி.

அறிகுறி: சத்தமே இல்லை, சுழலவும் இல்லை

டிஸ்க்கை உள்ளங்கையில் வைத்துப் பவர் கொடுத்தால், சுழலும் டிஸ்க் கையில் ஒரு மெல்லிய அதிர்வைத் தரும். அதுவும் இல்லை என்றால் பிரச்சினை பெரும்பாலும் போர்டில்.

அறுவடையும் பம்ப்செட்டும் மும்முரமாக இருக்கும் நாட்களில் கரண்ட் போய் வரும்போது அடிக்கும் வோல்டேஜில் இது நடக்கும். லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை 12 வோல்ட் டிஸ்க்கில் செருகிவிடுவதாலும் நடக்கும். இரண்டின் முனையும் சில சமயம் ஒன்றுபோலவே பொருந்தும். இப்படி அதிக வோல்டேஜ் வந்தால் போர்டில் உள்ள பாதுகாப்பு டயோடு தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்றவற்றைக் காப்பாற்றும். அடையாளம்: தனியாக இருக்கும்போது எரியும் அடாப்டர் விளக்கு, டிஸ்க்கில் செருகியதும் மங்கும் அல்லது அணைந்துவிடும். இந்த நிலையில் உள்ளே தகவல் பத்திரமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த, டிஸ்க் போர்டு வேலை செய்து பழகிய டெக்னீஷியனுக்கு இது பெரிய வேலை இல்லை.

ஆனால் "இதே மாடல் பழைய டிஸ்க்கிலிருந்து போர்டை எடுத்து மாட்டிவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "ரோம் (ROM) சிப்பையும் மாற்றுவீர்களா?" நான் சொல்வது கணினியின் நினைவக ராம் (RAM) இல்லை. போர்டில் இருக்கும் எட்டுக்கால் உள்ள சின்ன சிப் ஒன்று, அந்தக் குறிப்பிட்ட டிஸ்க்கின் ஹெட்டுகளுக்கு ஏற்ற அளவுகளைத் தனக்குள் வைத்திருக்கும். ஒரே மாடலில் அடுத்தடுத்து வந்த இரண்டு டிஸ்க்குகளுக்குக்கூட அந்த அளவுகள் வேறு. பழைய போர்டின் சிப்பைப் புதிய போர்டுக்கு மாற்றாமல் மாட்டினால் டிஸ்க் டக் டக்கென்று அடிக்கத் தொடங்கும். பழைய போர்டு எவ்வளவு கருகியிருந்தாலும் அதைப் பத்திரமாக வையுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை பக்கத்து வீடுகளுக்குக் கூடுதலாக ஒன்று. உப்புக் காற்றில் போர்டின் அடிப்பக்கத் தொடுமுனைகள் கறுத்துப்போகும். ஹெட்டிலிருந்து வரும் சிக்னல் அந்த முனைகள் வழியாகத்தான் போர்டுக்கு வருகிறது. நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களைக் கழற்றிப் போர்டைத் திருப்பிப் பார்த்தால் பளிச்சென்று இருக்க வேண்டிய புள்ளிகள் கரி பூசினாற்போல் இருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் துடைத்து மாட்டினாலே ஓடிய டிஸ்க்குகள் உண்டு. போர்டை மட்டும்தான் கழற்ற வேண்டும். மேல் மூடியின் ஸ்க்ரூ ஒன்றைக்கூடத் தொடக் கூடாது.

அறிகுறி: பீப், முனகல்

ஸ்பீக்கரே இல்லாத டிஸ்க் பீப் அடிக்கிறது என்றால் அது மோட்டாரின் சத்தம். சுழல முயல்கிறது, முடியவில்லை. பெரும்பாலும் ஹெட் தட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தாலோ தட்டுப்பட்டாலோ இப்படி ஆகும். கையால் முறுக்குவது, மேசையில் தட்டுவது இரண்டும் ஒட்டிய ஹெட்டைப் பிய்த்துவிடும். லேப் வேலை. மறுபடி பவர் கொடுக்காமல் அனுப்புங்கள்.

அறிகுறி: டக்... டக்... டக்

ஒரே தாளத்தில் விடாமல் டக் டக் என்றால், ஹெட் தான் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிகளைத் தட்டில் தேடி, கிடைக்காமல் திரும்பி, மறுபடி தேடுகிறது. மேலே சொன்ன கேபிள், போர்ட், அடாப்டர் மூன்றையும் மாற்றி ஒரே ஒரு முறை பார்க்கலாம். அப்போதும் அதே சத்தம் என்றால் நிறுத்திவிடுங்கள்.

நிறுத்துவது சொல்வதற்கு எளிது. ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் போனில் கேட்டார்: "அண்ணே, இப்பதான் ரெண்டு நிமிசம் ஃபோல்டர் தெரிஞ்சுச்சு. இன்னும் ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுக் கொண்டாரட்டுமா?" ரெண்டு நிமிடம் தெரிந்தது நல்ல செய்திதான், ஹெட்டுக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. அந்த உயிரை ஃபோல்டர் பெயரைப் பார்ப்பதற்குச் செலவழிக்கக் கூடாது. "போடாம கொண்டா தம்பி" என்றேன். அவர் போடாமல் கொண்டுவந்ததால்தான் லேபில் அந்த டிஸ்க்கின் தட்டு கீறல் இல்லாமல் இருந்தது. ஹெட்டை மாற்றிப் படித்துவிட்டார்கள்.

ஹெட் மாற்றுவதற்கு, அதே மாடலில் நல்ல நிலையில் உள்ள இன்னொரு டிஸ்க்கிலிருந்து ஹெட்டை எடுத்துப் பொருத்த வேண்டும். அதைத் தூசு வடிகட்டிய காற்று ஓடும் கிளீன் ரூமில்தான் செய்ய முடியும். சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் பறக்கும் இடத்தில் வைக்கோல் சுனை ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அறுப்புக் காலத்தில் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய அறையிலும் அந்தச் சுனை மிதக்கும். "இங்கேயே திறந்து பார்த்துவிடலாம் சார்" என்று சொல்லும் கடையில் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: ஒழுங்காகச் சுழல்கிறது, ஆனால் தெரியவில்லை, அல்லது அளவு தப்பாகக் காட்டுகிறது

ஒரு டெராபைட் டிஸ்க் பூஜ்ஜியம் என்றோ, வினோதமான மாடல் பெயரோடோ வந்தால் டிஸ்க்கை இயக்கும் அதன் சொந்த உள் மென்பொருளான ஃபர்ம்வேர் கெட்டிருக்கலாம். அதன் பெரும்பகுதி தட்டிலேயே, நாம் தொட முடியாத ஓர் ஒதுக்கிடத்தில் இருக்கிறது. பிசி-3000 போன்ற தனிக்கருவி உள்ளவர்கள்தான் அங்கே போக முடியும். திறக்கவே வேண்டாத வேலை என்பதால் ஹெட் மாற்றுவதைவிடச் செலவு குறைவாக இருக்கும். விண்டோஸ் "இனிஷியலைஸ் செய்யவா" என்று கேட்டால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: தெரிகிறது, திறக்கிறது, ஆனால் ஊர்கிறது

வீட்டில் இருந்தே மீட்கக்கூடிய நிலை இது. அதனாலேயே மிக அதிகமாகப் பாழாக்கப்படும் நிலையும் இதுதான். ஃபோல்டர் திறக்க ஐந்து நிமிடம், காப்பி போட்டால் பாதியில் நிற்கிறது, கணினியே உறைந்துவிடுகிறது. சத்தம் மட்டும் சாதாரணமாக இருக்கிறது.

முதலில், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நான்கு வரிகளைக் கவனியுங்கள். 05 என்பது கெட்டதால் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். சி6 என்பது சோதித்தும் படிக்க முடியாதவை. சி7 என்பது கேபிளில் நடந்த தவறுகள். இது மட்டும் ஏறியிருந்தால் கேபிளை மாற்றுங்கள், டிஸ்க் பிழைத்தது. 05, சி5, சி6 மூன்றும் பூஜ்ஜியமாக இருப்பது நல்லது. அந்த மென்பொருள் எண்களைப் பதினாறு அடிமானத்தில் காட்டும். 10 என்று கண்டால் அது 16. அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சி5 ஏறியிருக்கிறது என்றால் டிஸ்க் செய்வது இது: படிக்க முடியாத ஒரு செக்டரைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயல்கிறது. விண்டோஸ் அதன் மேல் இன்னும் முயலச் சொல்கிறது. ஃபோல்டரைத் திறந்ததும் படங்களின் சிறு உருவத்தைக் காட்டுவதற்காக எக்ஸ்புளோரர் ஒவ்வொரு படத்தையும் படிக்கிறது. ஆன்டிவைரஸ் தன் பங்குக்கு எல்லாவற்றையும் சோதிக்கிறது. நீங்கள் ஒரு கோப்பைக் கேட்டிருப்பீர்கள், டிஸ்க் ஆயிரம் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும்.

வேண்டியது கொஞ்சம்தான், ஒரு ஃபோல்டர், சில நூறு மெகாபைட் என்றால்: ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு, எக்ஸ்புளோரரைப் பட்டியல் காட்சிக்கு மாற்றி, அந்த ஃபோல்டரை மட்டும் முதலில் எடுங்கள். மிக முக்கியமானது முதலில், சினிமாப் படங்கள் கடைசியில். ஒரு கோப்பில் சிக்கினால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

முழு டிஸ்க்கும் வேண்டும் என்றால் கோப்பு கோப்பாக எடுக்கக் கூடாது. டிஸ்க்கை ஆரம்பம் முதல் கடைசி வரை செக்டர் செக்டராக இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, கோப்புகளை அந்தப் பிரதியிலிருந்து தேட வேண்டும். இதற்கு டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவியைவிட நான் நம்புவது வேறில்லை. இலவசம். அதன் திறமை ஒரே ஒரு புத்தியில் இருக்கிறது: நல்ல இடங்களை முதலில் வேகமாக வாரிக்கொள்ளும், சிக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடும், கடைசியில்தான் திரும்பி வரும். டிஸ்க் நடுவில் செத்தாலும் பெரும்பங்கு கைக்கு வந்திருக்கும்.

செய்முறை இப்படி. கெட்ட டிஸ்க்கின் அளவோ அதைவிடப் பெரிதோ ஆன, புதிய டிஸ்க் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் கெட்ட டிஸ்க்கைச் சாட்டா கேபிளில் மாட்டுங்கள்; யுஎஸ்பி பெட்டிகளில் இடையில் இருக்கும் சிப், பிழை வந்ததும் தானே தொங்கிவிடும். சிஸ்டம்ரெஸ்க்யூ லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். விண்டோஸ் போல அது டிஸ்க்கைத் தானாகத் திறந்து நோண்டாது. இன்னொரு பென் டிரைவும் வேண்டும். பிரதி எடுப்பது எதுவரை வந்தது என்று டிடிரெஸ்க்யூ குறித்துவைக்கும் மேப் ஃபைலுக்காக அது. லினக்ஸ் ஓடும் நினைவகத்திலேயே மேப் ஃபைலை வைத்தால் கரண்ட் போனதும் அதுவும் போகும், பிரதியும் எங்கே நின்றது என்று தெரியாமல் போகும்.

கட்டளையில் வரிசை முக்கியம்: முதலில் கெட்ட டிஸ்க், அடுத்து புதிய டிஸ்க், மூன்றாவதாக மேப் ஃபைல். முதல் இரண்டும் மாறினால் காலி டிஸ்க் போய்க் கெட்ட டிஸ்க்கின் மேல் எழுதப்படும், அதற்குப் பிறகு மீட்க ஒன்றுமில்லை. டிஸ்க்குகளின் பட்டியலை வரவழைத்து, அளவை மட்டும் நம்பாமல், மேல் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணோடு ஒப்பிட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அடியுங்கள். முடிந்தால் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதல் ஓட்டத்தில் கழித்தல் குறியோடு சின்ன என் (-n) சேர்த்தால் சிக்கலான இடங்களைச் சுரண்டாமல் தாண்டிவிடும். சின்ன டி (-d) சேர்த்தால் டிஸ்க்கை நேரடியாகப் படிக்கும். டிஸ்க்குக்கே எழுதுவதால் சின்ன எஃப் (-f) வேண்டும். அந்த ஓட்டம் முடிந்த பிறகு, அதே மேப் ஃபைலோடு, சின்ன என் இல்லாமல், சின்ன ஆர் பக்கத்தில் 3 (-r3) போட்டு இரண்டாவது ஓட்டம். ஒரே இடத்தில் சிக்கி நின்றால் பெரிய ஆர் (-R) போட்டுக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்லலாம்.

திரையில் மீட்ட அளவு, படிக்கத் தவறிய எண்ணிக்கை, இப்போதைய வேகம் எல்லாம் ஓடும். நான் கண் வைப்பது கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரமாயிற்று என்று காட்டும் வரியில். அது ஒரு விநாடி, இரண்டு விநாடி என்றே இருந்தால் எல்லாம் சரி. நிமிடக்கணக்கில் ஏறிக்கொண்டே போய், கூடவே புதுச் சத்தம் ஏதாவது கேட்டால் உடனே நிறுத்துங்கள். பாதிவரை எடுத்த பிரதியும் மேப் ஃபைலும் லேபுக்கும் உதவும்.

நேரத்துக்குத் தயாராக இருங்கள். நல்ல டிஸ்க் விநாடிக்கு 100 மெகாபைட் தந்தால் ஒரு டெராபைட் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். தேய்ந்த டிஸ்க் 5 மெகாபைட்டுக்கு இறங்கினால் அதே வேலைக்கு 55 மணி நேரம், அதாவது இரண்டு நாளுக்கு மேல். அத்தனை நேரமும் டிஸ்க்கை நிறுத்தாமல் ஓட்டுவது நல்லது. தேய்ந்த டிஸ்க்குக்கு ஓடுவதைவிடக் கடினம் மறுபடி தொடங்குவது. டெஸ்க்டாப்பை யுபிஎஸ்ஸில் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் என்றால் அதன் சுவிட்சை யுபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் மாறும் அந்த இடைவெளியில் கணினி அணைந்துவிடும். மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளைப் பார்த்து அதற்கு முன்தினம் தொடங்காதீர்கள். கத்திரி வெயில் என்றால் டிஸ்க்கின் மேல் ஒரு டேபிள் ஃபேன் ஓடட்டும். சூடு 50 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள்.

அறிகுறி: "ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்கிறது

வேண்டாம் என்று அழுத்துங்கள். தகவல் அழிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணை படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஸ்மார்ட் பார்த்து, சந்தேகம் இருந்தால் மேலே சொன்னபடி பிரதி எடுத்துவிட்டு, பிரதியின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். அட்டவணை ஓரளவு மிஞ்சியிருந்தால் ஃபோல்டர் பெயர்களோடு வரும். வராவிட்டால் ஃபோட்டோரெக். அது கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடி எடுப்பது. பெயரும் ஃபோல்டரும் போய், ஆயிரக்கணக்கான எண்களாகக் கொட்டும். மலைக்க வேண்டாம்: கேமரா படத்துக்குள்ளேயே எடுத்த தேதி இருக்கும், தேதிவாரியாக அடுக்கினால் எந்த முகூர்த்தம் என்று தெரிந்துவிடும். நீளமான வீடியோக்கள் மட்டும் டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் இந்த வழியில் ஓடாமல் போகலாம்.

மீட்டதை எப்போதும் மூன்றாவது இடத்தில் சேமியுங்கள். பிரதியின் மேலேயே எழுதக் கூடாது.

அறிகுறி: நனைந்துவிட்டது

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் கூரை போன வீடுகள் ஏராளம். அதற்குப் பிறகும் வடகிழக்குப் பருவமழை வந்தால் தண்ணீர் புகும் தெருக்கள் இருக்கவே செய்கின்றன. நனைந்த டிஸ்க்கோடு வருபவர்கள் பலரும் அதை அரிசி டப்பாவில் போட்டே கொண்டுவருகிறார்கள். அரிசி வேண்டாம். அரிசித் தவிடு காற்றுத் துளையில் போய் ஒட்டும். பெரும்பாலான டிஸ்க்குகளின் மூடியில், அழுத்தம் சமன்படுவதற்காக, வடிகட்டியோடு கூடிய சின்னத் துளை ஒன்று உண்டு. தண்ணீர் உள்ளே போனதும் அதன் வழியாகத்தான்.

வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். வெள்ளத் தண்ணீர் காய்ந்தால் வண்டல் தட்டிலேயே இறுகிவிடும், கடல் தண்ணீர் காய்ந்தால் உப்பு. ஈரமாக இருப்பதை ஈரமாகவே, நனைத்துப் பிழிந்த துணியோடு, காற்றுப் புகாத கவரில் போட்டு லேபுக்குச் சீக்கிரம் அனுப்புவதுதான் வழி. வெளியே காய்ந்துவிட்டதே என்று ஒரு முறைகூடப் பவர் கொடுக்கக் கூடாது. பவர் கொடுக்காத நனைந்த டிஸ்க்குகள் நிறைய மீண்டிருக்கின்றன.

லேபுக்கு அனுப்பும்போது

சென்னையிலும் பெங்களூருவிலும் கிளீன் ரூம் வைத்திருக்கும் லேபுகள் உண்டு. போனில் இவற்றைக் கேட்டுவிடுங்கள்: கிளீன் ரூம் உங்களுடையதா, வேறிடம் அனுப்புவீர்களா? கிடைக்கவில்லை என்றாலும் கட்டணம் உண்டா? ஹெட்டுக்காக வாங்கும் டிஸ்க்கின் விலை தனியா? என்னைக் கேட்காமல் திறப்பீர்களா? பணம் கட்டுவதற்கு முன் மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டுவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பும் இடத்தை நான் தவிர்ப்பேன்.

டிஸ்க்கை நிலைமின் தடுப்புக் கவரில் போட்டு, நாலு பக்கமும் விரல் தடிமனுக்கு மேல் குமிழ்த்தாள் சுற்றி, உள்ளே ஆடாதபடி அட்டைப்பெட்டியில் வையுங்கள். கூடவே ஒரு தாள்: என்ன நடந்தது, எப்போது, எந்தச் சத்தம், யார் என்னென்ன செய்து பார்த்தார்கள். உள்ளூர்க் கடையில் திறந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். எந்த ஃபோல்டர் மிக முக்கியம் என்று பெயரோடு குறிப்பிட்டால், பலவீனமான ஹெட்டை வைத்து அவர்கள் அதை முதலில் எடுப்பார்கள்.

நீங்களே மீட்டாலும் லேப் மீட்டாலும், கோப்பின் பெயர் தெரிவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். படிக்க முடியாத செக்டர் இருந்த படம் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருக்கும், வீடியோ தாலி கட்டும் இடத்தில் நின்றுபோகும். டிடிரெஸ்க்யூவில், பிரதியின் கெட்ட இடங்களில் மட்டும் நாம் சொல்லும் ஒரு சொல்லை நிரப்பும் வசதி உண்டு. அதன் பிறகு அந்தச் சொல்லைத் தேடினால் எந்தெந்தக் கோப்பு அடிபட்டது என்ற பட்டியல் கிடைத்துவிடும். அவற்றை மட்டும் பெண் வீட்டுப் பென் டிரைவிலிருந்தோ பழைய மெமரி கார்டிலிருந்தோ தேடி நிரப்பலாம். இதெல்லாம் முடியும்வரை பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். மேப் ஃபைல் உள்ள பென் டிரைவையும் அதோடு சேர்த்தே கட்டி வையுங்கள்.